விருந்தாளி வேலை

தெருவில் அவளுக்கு டிகிரி என்று பெயர். பட்டம் வாங்கிய வருஷம் யாரோ கேலியாக ஆரம்பித்து வைத்தது. நாளாக ஆகக் கேலி தேய்ந்து பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "டிகிரி வீட்டுல தண்ணி வருதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அம்மாதான் என்றாலும், வீடு டிகிரி வீடு. அவளுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அப்பா இருந்தவரை லாரியில் மூட்டை இறக்கினார். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக் கூடத்தில், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். மகள் இன்ஜினியர் என்று அந்தக் கூடத்தில் தெரியாத ஆள் கிடையாது.

இன்ஜினியர் செய்கிற வேலை என்னவென்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. டிகிரிக்கே சில நாள் அது சந்தேகம்தான். பெரிய கட்டிடங்களில் ஏசி காற்று போகிற தகரக் குழாய்களுக்கு அவள் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறாள். குழாய் எங்கே வளைய வேண்டும், எங்கே குறுக வேண்டும், எந்த உத்திரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குழாய். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர் என்று போட்ட இடத்தில் மேனேஜரின் இனிஷியல்தான் ஏறும். சேர்ந்த புதிதில் ஒருமுறை அவள் தன் இனிஷியலைப் போட்டுப் பார்த்தாள்.

"யாரும்மா இது?" என்று மேனேஜர் திரையில் விரலை வைத்துக் கேட்டார்.

"நான்தான் சார். நான் வரைஞ்சதால..."

"உள்ள போற காத்து, யாரு வரைஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் போவேன்னு சொல்லுதா?"

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

அதே கட்டத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. வரைபடம் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஓரத்தில் ஓர் எழுத்து மாறும். ஏ, பி, சி என்று போகும். எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் முதலில் அந்த எழுத்தைப் பார்ப்பது அந்தத் தொழிலில் பல் தேய்ப்பது மாதிரி. பழைய எழுத்தை வைத்துக்கொண்டு தகரம் வெட்டிவிட்டான் என்று ஒருவனை மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனதை டிகிரி பார்த்தாள்.

வாரத்தில் இந்த ஐந்து வேலை நாளையும் அவள் சனிக்கிழமைக்காகத்தான் பொறுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போவாள். இன்ஜினியரிங் மாணவர்கள் ஒரு பந்தய வண்டி செய்கிறார்கள். ஒரே ஆள் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற வண்டி. வருஷக் கடைசியில் மற்ற பல்கலைக்கழகங்களோடு போட்டி. உதவிக்கு முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து தொண்டர்கள் வருவார்கள். பெரிய கம்பெனிகளில் பெரிய நாற்காலியில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வண்டியில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாரம் தவறாமல் வருகிறவர்கள் டிகிரியைப் போன்றவர்கள். சங்கம் கொடுத்த அட்டை ஒன்று அவள் கழுத்தில் தொங்கும். 'வழிகாட்டி' என்று அதில் எழுதியிருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அதைக் கழற்றுவதில்லை. தெரு முனை வந்த பிறகுதான் கழற்றிப் பையில் போடுவாள். சில நாள் மறந்துவிட்டதாகப் பாவனை செய்துகொண்டு வீடுவரைக்கும் போட்டுக்கொண்டே வருவாள்.

ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஒரு மாணவரைக் கட்டிவிடுவது சங்கத்தின் வழக்கம். வருஷக் கடைசியில் வழிகாட்டி ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். அது நன்றாக இருந்தால்தான் லீவில் நல்ல தொழிற்சாலையில் பயிற்சிக்கு இடம். டிகிரிக்கு வாய்த்தது இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி. ஒல்லி உடம்பு, மேலே குடை விரித்த மாதிரி சுருட்டை முடி. பட்டறையில் எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள்.

ஆணியிடம் டிகிரி கறாராக இருந்தாள். தனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லையே என்ற ஆற்றாமை ஒரு பக்கம். மேனேஜரிடம் வாங்கியதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே என்பது இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று அவளே பிரித்துப் பார்த்ததில்லை. ஆணிக்கு வண்டியின் பிரேக் பெடலைச் செய்கிற வேலை. அலுமினியத்தில் வெட்டி, எடை குறையத் துளை போட்டு, அரத்தால் ராவி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதுக்குப் பேரு பெடலா? துளையைக் கொண்டுபோய் ஓரத்துல போட்டு வச்சிருக்கே. ஒரு மிதி மிதிச்சா முறிஞ்சு போயிடும். எடைக்குப் போடு."

ஆணி போய் மறுபடி வெட்டினாள். அதையும் டிகிரி எடைக்குப் போடச் சொன்னாள். அடுத்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆணி கேட்கவும் இல்லை. தானே கணக்குப் போட்டு, தானே வரைந்து, தானே வெட்டி, வாரக்கணக்கில் உப்புத்தாளால் தேய்த்து ஒரு பெடலைக் கொண்டுவந்தாள். தேன்கூடு மாதிரி துளைகள். கண்ணாடி மாதிரி பளபளப்பு. பட்டறையே அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. டிகிரி வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், பரவால்ல" என்றாள்.

டிகிரிக்கும் ஒரு வேலை இருந்தது. பேட்டரித் தாங்கி.

அதைச் சொல்வதற்கு முன்னால் ரேடியேட்டர் சாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

டிகிரி மாணவியாக இருந்த காலத்தில் ரேடியேட்டர் சார் என்று ஒருவர் வாரம் தவறாமல் வருவார். அந்தக் காலத்தில் அங்கே படித்தவர், ரிட்டயர் ஆனவர், வீட்டில் பேச ஆள் இல்லாதவர். எல்லா வேலைக்கும் யோசனை சொல்வார். சொல்வதெல்லாம் பழைய காலத்து யோசனை. வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சங்கம்தான் வண்டிக்கு இரும்பிலிருந்து டயர்வரை வாங்கித் தருகிறது. அதனால் மாணவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வண்டியில் எங்கேயும் ஏறப்போகாத ஒரு ரேடியேட்டர் மூடியைக் கொடுத்து, "சார், இதை உங்களைத் தவிர யாராலும் முடியாது" என்று மூலை மேஜையில் உட்கார்த்திவைத்தார்கள். அவர் வருஷம் முழுக்க அதை ராவிக்கொண்டிருந்தார். முடித்தால், "அளவு கொஞ்சம் மாறியிருக்கு சார்" என்று வேறு வரைபடம் கொடுப்பார்கள். இதற்குப் பட்டறையில் விருந்தாளி வேலை என்று பெயர். ரேடியேட்டர் சாருக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பது டிகிரியின் பொறுப்பாக இருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்டு, முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு, "சார், ரொம்ப நல்லா வந்துட்டு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு வருஷம் அவர் வரவில்லை. யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது டீமுக்குத் தலைவனாக இருக்கிற கடைசி வருஷப் பையனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். பேச்சில் தேன் ஒழுகும். வருஷ ஆரம்பத்தில் அவன் டிகிரியிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தான்.

"அக்கா, சீட்டுக்குப் பின்னாடி பேட்டரி வைக்க ஒரு தாங்கி வேணும். குலுக்கல்ல அசையவே கூடாது. உங்களைத் தவிர யாராலும் முடியாதுக்கா."

அந்த வாக்கியம் காதில் விழுந்தபோது மனசுக்குள் எங்கோ ஒரு கதவு லேசாக ஆடியது. அவள் அதைச் சாத்திவிட்டாள். ரேடியேட்டர் சார் கிழவர். நான் நேற்றுப் படித்து முடித்தவள். அவரிடம் சொன்னது பொய், என்னிடம் சொல்வது நிஜம். ஒரே வாக்கியம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கக் கூடாதா என்ன?

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மூலை மேஜையில் உட்கார்ந்து தாங்கியைச் செய்தாள். வளைத்தாள், ராவினாள், அளவு மாறியிருக்கிறது என்றார்கள், மறுபடி வளைத்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். "வண்டிக்கு உயிரே அதுலதாம்மா இருக்கு. அது இல்லேன்னா ஸ்டார்ட்டே ஆகாது." அம்மா அதைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து அது ஓட்டலின் சமையற்கட்டுவரை போயிற்று. போட்டிக்கு முன்னால் வண்டியை எல்லோருக்கும் காட்ட ஒரு கண்காட்சி உண்டு. அந்த நாளுக்கு அம்மா லீவு கேட்டபோது மேற்பார்வைக்காரி, "உன் பொண்ணு செஞ்ச வண்டியா? அப்போ திரும்பி வரும்போது அதுலயே வா, பஸ் செலவு மிச்சம்" என்றாளாம். சம்பளத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் லீவு கொடுத்தாள். மகளின் பட்டமளிப்புக்கே ஷிஃப்ட் என்று போகாதவள் அம்மா. இந்தத் தடவை யார் சொன்னாலும் நிற்கப்போவதில்லை.

வண்டியில் தன் கைப்பட்ட ஒரு பொருள். அதை அம்மா பார்க்க வேண்டும். டிகிரிக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கண்காட்சிக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிகிரி தாங்கியின் ஓரங்களுக்குக் கடைசிப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆணி வந்து மேஜை ஓரத்தில் நின்றாள். கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு பிசைந்தாள்.

"அக்கா, அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டு வர்றீங்களா?"

"ஆமா. ஏன்?"

"வேணாங்க்கா."

"ஏண்டி?"

ஆணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "பேட்டரி சீட்டுக்கு அடியில போயிடுச்சுக்கா. வருஷ ஆரம்பத்துலயே மாத்திட்டாங்க. பின்னாடி இடமே இல்ல."

டிகிரி உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"அப்போ இது?"

ஆணி தாங்கியைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன பேரு வச்சிருக்கீங்க எனக்கு?"

"அக்கா..."

"பேரு வைக்காம இருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா இந்தப் பட்டறையை? சொல்லு."

"பேட்டரி அக்கா."

"நீயும் சிரிச்சியா?"

ஆணி துணியைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல சிரிச்சேன்" என்றாள். "அப்புறம் முடியல. நீங்க அவ்வளவு அக்கறையா செஞ்சீங்க. அதான் சொல்லிடலாம்னு."

டிகிரி வரைபடத்தை எடுத்தாள். வருஷம் முழுக்கக் கூடவே கிடந்த காகிதம். டீக்கறையும் எண்ணெய்க் கைரேகையும் அப்பிய காகிதம். ஓரக் கட்டத்தைப் பார்த்தாள். 'பி' என்று இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த வண்டியின் வரைபடம் 'ஈ' வரைக்கும் போயிருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் தெரியும் தூரம். வாரத்தில் ஐந்து நாள் அந்த எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவள், இங்கே ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸில் அவளிடம் காகிதத்தைத் தூக்கிப் போடுவார்கள். இங்கே அக்கா என்று கூப்பிட்டு இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததை வாங்கி ஓரத்தைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஆணிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "போய் உன் வேலையைப் பாரு" என்றாள்.

கேப்டன் சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். டிகிரி தாங்கியோடு போய் அவன் முன்னால் நின்றாள்.

"பேட்டரி சீட்டுக்கு அடியில இருக்காமே."

அவன் அசரவில்லை. "நீங்க வாராவாரம் வர்றதே எங்களுக்குப் பெரிய பலம்க்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என்னக்கா சொல்றது? உங்க காலத்துல ரேடியேட்டர் சார்னு ஒருத்தர் இருந்தாராமே. நீங்கதான் டீ கொடுப்பீங்களாம். சங்கத்து மீட்டிங்ல உங்க பேட்ச்காரங்களே சொல்லிச் சிரிச்சாங்க. நாங்களா புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலையே."

கத்தலாம் என்று தோன்றியது. கத்திவிட்டு அட்டையைக் கழற்றி அவன் முகத்தில் வீசிவிட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் அம்மா கண்காட்சிக்குப் போட்டுக்கொள்வதற்கான துணியை இப்போதே இஸ்திரி போட்டுக் கொடியில் தனியாக மாட்டி வைத்திருக்கிறாள். டிகிரியின் வாயிலிருந்து வந்தது வேறு.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதை எங்கேயாவது மாட்டி வைக்க முடியுமா? வெளிய தெரியுற மாதிரி. எங்க அம்மா வர்றாங்க. அவங்க போனதும் கழட்டிடலாம்."

கேப்டன் தாங்கியை வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தான். உண்மையிலேயே யோசிப்பவன் மாதிரி புருவத்தைச் சுருக்கினான்.

"கஷ்டம்க்கா. கண்காட்சி அன்னைக்குத்தான் போட்டிக்கு எடை பார்க்க ஆள் வர்றாங்க. கிராம் கணக்குல அடிச்சுக்கிட்டு இருக்கோம். வேணும்னா ஓரத்துல ஒரு மேஜை போடுறோம், ஒடைஞ்சது, வேணாம்னு விட்டது எல்லாம் வைக்கிறதுக்கு. அதுல வச்சுக்கலாம்."

"சரி" என்றாள் டிகிரி. "தேங்க்ஸ்" என்றும் சொன்னாள். அதை ஏன் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போது வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அம்மாவை நிறுத்தப் பார்த்தாள். கூட்டமாக இருக்கும், நிற்க முடியாது, வெயில், உனக்கு ஒன்றும் புரியாது. கடைசியாகச் சொன்னது அம்மாவின் முகத்தில் ஒரு கணம் நின்றது. அப்புறம் அம்மா சிரித்துவிட்டாள்.

"புரியாட்டி போகுது. நீ செஞ்சதைத் தொட்டுப் பார்த்துட்டு வந்துடுறேன். அதுக்குமா படிச்சிருக்கணும்?"

கண்காட்சி பட்டறை வாசலில் இருந்த பெரிய கொட்டகையில் நடந்தது. நடுவில் வண்டி. மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு. பெற்றவர்கள், பேராசிரியர்கள், படம் எடுத்துக்கொள்ள வந்த பெரிய நாற்காலிக்காரர்கள். ஒரு பையன் காகிதக் கோப்பைகளில் டீ கொடுத்துக்கொண்டு போனான். ஓரத்து மேஜையை டிகிரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். முறிந்த கம்பிகள், ஓட்டை விழுந்த தகடுகள், ஆணி முதலில் செய்து எடைக்குப் போகவிருந்த பெடல்கள். நடுவே அவளுடைய தாங்கி மல்லாந்து கிடந்தது. பேட்டரி உட்காரும் பள்ளத்தில் யாரோ காலிக் கோப்பைகளை அடுக்கியிருந்தார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மா டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். குப்பைக்கூடை கண்ணில் படவில்லை. நேரே அந்த மேஜைக்குப் போய், மற்றவர்கள் வைத்ததைப் பார்த்து, தன் கோப்பையையும் அதிலேயே செருகிவிட்டு வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்போ காட்டு. எது உன்னோடது?"

சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில மாத்திட்டாங்கம்மா. வாரம் முழுக்க அதை ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் அம்மா கோப்பை வைத்துவிட்டு வந்த கையாலேயே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சலவைக் கூடத்து நீராவியில் ஊறி ஊறி நுனி வெளுத்துப்போன விரல்கள். டிகிரி வண்டிக்குள் பார்த்தாள். எல்லாம் கறுப்பும் சாம்பலுமாக இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மின்னியது.

"அதோ, அந்தப் பெடல்."

"பேட்டரின்னு சொன்னியே?"

"அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. இது அதைவிட முக்கியம். பிரேக். இதுதான் ஆளைக் காப்பாத்துறது."

அம்மா கயிற்றுக்கு மேலாகக் குனிந்தாள். பக்கத்தில் நின்ற கேப்டனிடம், "தம்பி, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். கேப்டன் டிகிரியைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. "தாராளமா தொடுங்கம்மா. அக்கா செஞ்சதை நீங்க தொடாம யாரு தொடுவாங்க?" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். அவன் உதட்டோரத்தைப் பார்க்காமலிருக்க டிகிரி வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள்.

அம்மா ஒவ்வொரு துளையாக விரலை விட்டு எடுத்தாள். "இஸ்திரிப் பெட்டியோட அடிப்பக்கம் புதுசுல இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது. "இதானேம்மா நீ சொன்னது?"

ஆணியின் அப்பா. மடிப்புக் கலையாத சட்டை, நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட். பக்கத்தில் ஆணி. அன்றைக்கு அவள் முடியை அடக்கிப் பின்னியிருந்தாள்.

அம்மா நிமிர்ந்து சந்தோஷமாகத் திரும்பினாள். "வாங்க, வந்து பாருங்க. இது என் பொண்ணு செஞ்சதுங்க."

அவர் சிரித்தார். தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்கிற சிரிப்பு. வண்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பிரேக் பெடல்னுதானேம்மா சொன்னே?"

ஆணி டிகிரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏதோ குழப்பம், அக்கா இப்போது சரி செய்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கும் அம்மாவின் முகத்துக்கும் நடுவில் டிகிரி நின்றாள். முதல் இரண்டை எடைக்குப் போடச் சொன்னது யார்? ஓரத்தில் துளை போடாதே என்று சொல்லிக்கொடுத்தது யார்? அது இல்லாவிட்டால் இது வந்திருக்குமா? மனசு படபடவென்று சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"டிசைன் என்னோடது" என்றாள் டிகிரி. "ராவித் தேய்ச்சு எடுத்தது உங்க பொண்ணு. நல்லா தேய்ச்சா. நல்ல உழைப்பாளி."

அவர் மகளிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீயே செஞ்சேன்னு சொன்னியேம்மா? நான் வேலை செய்யற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

மதிப்பீட்டை டிகிரி இன்னும் எழுதவில்லை. அது ஆணிக்கும் தெரியும். அவள் பின்னலின் நுனியைப் பிடித்து முறுக்கினாள்.

"தேய்ச்சேன்ப்பா" என்றாள். "அக்கா சொல்லச் சொல்லத் தேய்ச்சேன்."

"அதை அப்படியே சொல்லியிருக்கலாம்ல? எதுக்குப் பெரிசா அளக்கணும்?" அவர் டிகிரி பக்கம் திரும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, ஆசையில சொல்லிட்டா. உங்களை மாதிரி ஆளுங்க பார்த்துப் பார்த்துச் செதுக்கினாத்தான் இதுங்க எல்லாம் ஒரு ஆளா வரும்."

"பரவால்லங்க" என்றாள் டிகிரி.

கேப்டன் கயிற்றைக் கீழே விட்டான். அவன் இப்போது சிரிக்கவில்லை. ஆணியின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தவன், அப்படியே திரும்பி வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டான்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மேற்பார்வைக்காரியிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று. நடுவில், "அந்தச் சுருட்டை முடிப் பொண்ணு பாவம். அப்பன் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்க வேணாம். நீ அவளுக்கு நல்லா எழுதிக் குடு" என்றாள்.

டிகிரி எழுதினாள். நல்ல மதிப்பீடுதான். நேரம் தவறாதவர், பணிவானவர், கைவேலையில் நேர்த்தி உள்ளவர். சொந்தமாக வடிவமைக்கும் திறன் என்ற இடம் வந்ததும் கை நின்றது. அங்கே உண்மையை எழுதினால் கொட்டகையில் சொன்னது என்ன ஆவது? ஆணியின் அப்பா அதைப் படித்தால்? கேப்டன் படித்தால்? 'தகுந்த வழிகாட்டுதலின் கீழ் சிறப்பாகச் செய்வார்' என்று எழுதினாள். அந்த வாக்கியத்தால் ஆணிக்குப் பெரிய தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவு கிடைக்காமல், பட்டறையில் தேய்க்கிற பிரிவு கிடைத்தது என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தாள். அம்மா எழுப்பினாள். "இன்னைக்குப் போகலையா? அந்தப் பொண்ணுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டியிருக்கேன்." தெருவில் பக்கத்து வீட்டுக்காரி, "டிகிரி, பிரேக் எல்லாம் செய்யறியாமே" என்றாள். போகாமல் வீட்டில் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு இன்னொன்று. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறையில் வணக்கம் சொன்னார்கள். வழி விட்டார்கள். மூலை மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவள் உட்கார்ந்ததும் ஆணி வந்தாள். கையில் ஒரு காகிதம். அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அக்கா, ஒரு கண்ணாடித் தாங்கி வேணும். பின்னாடி வர்ற வண்டி தெரியறதுக்கு. குலுக்கல்ல அசையவே கூடாது."

இந்த வண்டிக்குக் கண்ணாடி கிடையாது. எந்த வருஷமும் கிடையாது. டிகிரி காகிதத்தை வாங்கியதும் முதலில் ஓரக் கட்டத்தைப் பார்த்தாள். எழுத்தே இல்லை. வெறும் கட்டம். வரைந்தவர் என்ற இடத்தில் மட்டும் டிகிரியின் இனிஷியல் அழகாக எழுதியிருந்தது.

அவள் பார்த்ததை ஆணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத் தவிர யாராலும் முடியாதுக்கா."

டிகிரி அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையிலிருந்து பாதி எடுத்தாள். அப்படியே உள்ளே வைத்தாள்.

"எப்போ வேணும்?"

"அவசரமே இல்லக்கா. அடுத்த வருஷம் பூரா இருக்கு."

டிகிரி ஒரு தகட்டை எடுத்து வைஸில் மாட்டித் திருகினாள். அரத்தை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆணி டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். குனிந்து பார்த்து, "ரொம்ப நல்லா வந்துட்டு இருக்குக்கா" என்றாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று டிகிரி அரத்தை நிறுத்திக் காத்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

டீயை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.